பிரேக் மிதிச்சா பின்னாடி யாரு பாக்கறது

எனக்குக் கோவம் சட்டுனு வரும். செஞ்சி பஜார்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, திண்டிவனம் ரோட்டு இட்லிக்கடை ரத்தினம்மாளுக்கு வாயி நீளம்னு. நீளந்தான். இல்லைன்னா புருசன் செத்து பன்னெண்டு வருசமா ஒண்டியா நின்னு லாரிக்காரனுங்களுக்கு இட்லி போட்டுக் காலம் தள்ள முடியுமா? இந்த வாயால நான் எத்தனையோ பேரை வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கேன், எவனும் கெட்டுப் போவலை. ஆனா ஒரே ஒரு வார்த்தை, அதுவும் திட்டுனது இல்லை, நல்லதுக்குன்னு நெனச்சி சொன்னது, ஒரு மனுசன் பொழப்பைக் கவுத்துடுச்சி. அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். நடுவுல யாரும் கேள்வி கேக்காதீங்க.

என் கடைக்கு எதிர்த்தாப்புல, ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு புளியமரம். அதுக்கடியில தகரம் போட்ட கொட்டாய். அதுதான் பச்சமுத்துவோட பட்டறை. லாரி, பஸ்ஸு, காரு, எதுவா இருந்தாலும் ஒயர் வேலைன்னா அவன்தான். சொந்த ஊரு சீயமங்கலத்துக்குப் பக்கம். அண்ணன் தம்பிங்க எல்லாம் ஏர் புடிச்சப்ப, இவன் மட்டும் பட்டாளத்துல சேந்து அங்க மோட்டார் வண்டிங்களுக்கு ஒயர் இழுக்கக் கத்துக்கிட்டு வந்தான். என்னைவிட நாலு வயசு எளையவன், என்னை யக்கான்னு கூப்புடுவான், அதனால அவன் இவன்னுதான் எனக்கு வாயில வரும். பேச்சு ரொம்பக் கம்மி. நாம பத்து வார்த்தை பேசுனா அவன் ஒரு தடவ தலையாட்டுவான். எனக்கு ஆத்திரமா வரும். "வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கே"ன்னு கேப்பேன். அதுக்கும் தலையாட்டுவான்.

வேலையில மட்டும் ஆளு புலி. ஒரு வண்டி வந்து நின்னா ஒடனே கை வைக்க மாட்டான். மொதல்ல பீடியை அணைச்சிட்டு வண்டியைச் சுத்தி ஒரு வாட்டி நடப்பான். அப்புறம் குனிஞ்சி ஒவ்வொரு ஒயரா தடவிப் பாப்பான். நோவு எங்கன்னு கொழந்தை வயித்தை அமுக்கிப் பாக்கற மாதிரி. அப்புறம்தான் பெட்டியைத் தொறப்பான்.

அவன் பொண்டாட்டி குஞ்சம்மா. அவ ஒருத்திகிட்டதான் அவன் பேசுனான்னு நெனைக்கிறேன். புள்ளை இல்லை அவங்களுக்கு. அவ சமைச்சி முடிச்சிட்டு நேரா பட்டறைக்கு வந்துடுவா, ஏன்னா அவளுக்கு அங்க ஒரு வேலை இருந்துது. அது இன்னான்னு சொல்றேன், இல்லைன்னா உங்களுக்குக் கதையே புரியாது.

காருல மத்த லைட்டை எல்லாம் ஒண்டி ஆளு பாத்துக்கலாம். சுவிட்ச்சைப் போட்டுட்டு எறங்கி வந்து பாத்தா ஆச்சு. பிரேக் லைட்டு அப்படி இல்லை. பெடலை மிதிச்சா எரியும், காலை எடுத்தா அணைஞ்சிடும். மிதிக்கிறவன் முன்னாடி உக்காந்திருக்கான், லைட்டு பின்னாடி இருக்குது. அவன் கண்ணுக்கு அது எந்தக் காலத்துலயும் தெரியாது. பெடல் மேல கல்லை வச்சிப் பாக்கலாம்தான். கல்லு நழுவும், அதுவுமில்லாம மிதிச்சி உட்டு மிதிச்சி உட்டு பாத்தாத்தான் சேதி தெரியும். அதனால பின்னாடி நிக்க ஒரு ஆளு வேணும். குஞ்சம்மாதான் அந்த ஆளு.

வெயில்ல செவப்பு லைட்டு எரியுதா இல்லையான்னு லேசுல தெரியாது. அவ குத்துக்கால் போட்டு உக்காந்து, முந்தானையை விரிச்சி லைட்டு மேல நெழலா புடிப்பா. அவன் உள்ள உக்காந்து பெடலை மிதிச்சி, "எரியுதா?"ம்பான். அவ ஒடனே சொல்ல மாட்டா. நெதானமா பாத்துட்டு, "வலது எரியுது. எடது மங்குது, பாரு"ம்பா. பொய்யி கலக்காத பேச்சு. மங்குதுன்னா மங்குது. அவ எரியுதுன்னு சொல்லிட்டான்னா அவன் பெட்டியை மூடிடுவான், அப்புறம் அந்த வண்டியை யாரும் திருப்பிப் பாக்க வேண்டியதில்லை. பதினாலு வருசம் இப்படி நடந்துது. நான் எத்தனை ஆயிரம் தடவ கேட்டிருப்பேன் அந்தப் பேச்சை. எரியுதா, எரியுது. எரியுதா, எரியலை.

அறுபத்தி மூணாம் வருசம் ஐப்பசியில அவளுக்கு ஜொரம் வந்துது. ஒன்பது நாளு. போயிட்டா மகராசி.

அவன் அழுததை நான் பாக்கலை. பதினேழாம் நாளு பட்டறையைத் தொறந்தான். குஞ்சம்மா கல்யாணத்துக்கு வந்த நெலைக்கண்ணாடி ஒன்னு வூட்ல இருந்துது. அதைத் தூக்கிட்டு வந்து, புளியமரத்துல ரெண்டு ஆணி அடிச்சி, அதுல மாட்டுனான். வண்டியோட பின்பக்கம் மரத்தைப் பாத்த மாதிரி நிறுத்திட்டு, லைட்டு மேல சாக்கை மறைப்பா கட்டி, ட்ரைவர் சீட்ல உக்காந்து திரும்பிப் பாத்தா கண்ணாடியில தெரியும். வேலை முடிஞ்சா கண்ணாடியைக் கழட்டி, துணி சுத்தி, உள்ள வச்சிடுவான். மூளைக்காரன்தான். ஆனா பாருங்க, பழக்கம் போவலை. ஒவ்வொரு வாட்டியும் மொதல்ல பெடலை மிதிச்சி, "எரியுதா?"ன்னு கேட்டுடுவான். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பான். அப்புறம்தான் எறங்கிப் போய்க் கண்ணாடியை எடுத்துட்டு வந்து மாட்டுவான்.

அந்தக் கொஞ்ச நேரம் இருக்குதே, அதை என்னால தாங்க முடியலை. ரோட்டுக்கு இந்தாண்ட நான் மாவு கரைச்சிட்டு இருப்பேன். "எரியுதா?"ன்னு கொரல் வரும். பதில் வராது. எனக்குக் கை நின்னுடும். ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ. பதினோரு மாசம் கேட்டேன். வூட்ல எனக்கும் யாரு இருக்காங்க? நானும் சில நாளு பானையை எறக்கி வச்சிட்டு, "ஏங்க"ன்னு கூப்புட்டிருக்கேன், செத்த மனுசனை. அதனால அவன் மேலதான் கோவமா வந்துது. ஏன்டா இப்படி ஊருக்குக் கேக்கறாப்புல கத்தறே, மனசுக்குள்ள கேட்டுக்கக் கூடாதான்னு.

அப்பதான் பூவராகவன் மொதலாளி காரு வந்துது. பஜார்ல ஜவுளிக்கடை வச்சிருக்கறவரு. என் கடை நிக்கிற எடமும் அவருதுதான். காரு வெள்ளைக்காரன் காலத்து வண்டி, கறுப்பு. அதுல திரும்பறதுக்கு இப்ப மாதிரி லைட்டு கெடையாது. கதவுத் தூணுக்குள்ள ஒரு சின்ன கை படுத்திருக்கும். சுவிட்ச்சைத் திருப்புனா அது எழுந்து வெளிய நீட்டிக்கும், ரயில் சிக்னல் மாதிரி. சந்தை நாள்ல ஒரு மாட்டுக் கொம்பு பட்டு ஒரு கை ஒடிஞ்சிடுச்சி. இன்னொன்னு எழுந்தா படுக்காது, படுத்தா எழாது.

அது ஒடிஞ்சா இன்னா, ட்ரைவரு சன்னல் வழியா கையை நீட்டி ஓட்டிக்குவான், எல்லாரும் அப்படித்தானே ஓட்டறாங்க. ஆனா ட்ரைவர் செல்லப்பனுக்கு அந்த வருசம் ஏணியிலேர்ந்து வுழுந்து வலது தோள் எறங்கிடுச்சி. கட்டுப் போட்டு எலும்பு கூடிடுச்சி, கை மட்டும் வெளிய நீட்ட வரலை. திரும்பறேன்னும் காட்ட முடியாது, நிக்கப் போறேன்னும் காட்ட முடியாது. மொதலாளி நல்ல மனுசன். வேற ட்ரைவரைப் போடலை. "கைக்குப் பதிலா லைட்டு வச்சிடுய்யா, பச்சமுத்து. திரும்பறதுக்குக் கண்ணு சிமிட்டற லைட்டு, நிக்கறதுக்கு ரெண்டு செவப்பு லைட்டு. வெள்ளிக்கெழமை அவலூர்பேட்டைக்கு என் பொண்ணு நிச்சயத்துக்குப் போறோம், வண்டி ஜம்முனு இருக்கணும்"னு சொன்னாரு.

பச்சமுத்து மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போயி லைட்டெல்லாம் வாங்கிட்டு வந்தான். பழைய ஒயரு நூல் சுத்துனது, தொட்டா உதிருது, பாதி எலி கடிச்சிருந்துது. மொத்தத்தையும் உருவிப் போட்டுட்டுப் புதுசு இழுத்தான். அவன் அவ்வளவு ஆசையா வேலை செஞ்சி நான் அந்த வருசம் பாக்கலை. கண்ணு சிமிட்டற லைட்டு டிக்கு டிக்குன்னு அடிச்சப்ப, ரோட்ல போறவன் எல்லாம் நின்னு பாத்தான். நானும் கரண்டியோட போய்ப் பாத்தேன்.

பிரேக் லைட்டுக்கு டிக்கிக்குள்ள ஒரு ஸ்க்ரூ. ரெண்டு லைட்டோட எர்த் ஒயரும் அங்கதான் சேரும். கரண்டு திரும்பிப் போற வழி அது. அந்த எடத்துல தகரம் பளபளன்னு தெரியணும், பெயிண்ட் இருந்தா கரண்டு போவாது. அவன் செதுக்கி வச்சிருந்தான். நடுவுல மொதலாளி, நல்ல காரியமாச்சேன்னு வண்டியைப் பெயிண்ட் அடிக்க அனுப்புனாரு. பெயிண்டரு டிக்கி உள்பக்கம் வரைக்கும் நல்லா பூசிட்டான். வண்டி திரும்பி வந்தப்ப, செதுக்குன எடம்தானேன்னு பச்சமுத்து அது மேலயே ஸ்க்ரூவை முடுக்கிட்டான். மனுசன்தானே. இதெல்லாம் எனக்கு அப்புறமா தெரிஞ்சிது. கண்ணாடியில ஒரு தடவ பாத்திருந்தா ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சிருப்பான்.

வியாழக்கெழமை மத்தியானம். செல்லப்பன் வண்டி ஆயிடுச்சின்னு சொல்ல ஜவுளிக்கடைக்குப் போயிருந்தான். மலைக் கல்லு எல்லாம் காஞ்சி அனல் அடிக்குது. எனக்குக் காலைலேர்ந்து தலைவலி. பச்சமுத்து சீட்ல உக்காந்தான், மிதிச்சான், "எரியுதா?"ன்னான்.

அந்தக் கொஞ்ச நேரம் ஆரம்பிச்சிது. எனக்குப் பொறுக்கலை. கடையில நின்ன எடத்துலேர்ந்தே, தலையைக்கூட தூக்காம, "எரியுது, எரியுது! ரெண்டும் நல்லா எரியுது!"ன்னு கத்திட்டேன்.

அப்புறம்தான் நிமிந்து பாத்தேன். அவன் கதவு வழியா என்னைத் திரும்பிப் பாத்துட்டு இருந்தான். மொகத்துல ஒரு சிரிப்பு. பதினோரு மாசத்துல அந்த மொகத்துல நான் சிரிப்பே பாத்ததில்லை. கண்ணாடியை எடுக்கப் போவலை அவன். பெட்டியை மூடுனான், கையைத் தொடைச்சான், "சரிக்கா"ன்னான். எனக்கு மனசு குளுந்துடுச்சி. அய்யோ, எவ்வளவு சின்ன விசயம், இதை இத்தனை நாளா செய்யாம இருந்தமேன்னுகூட நெனச்சேன். பாவி.

வெள்ளிக்கெழமை அமாவாசை வேற. மலையனூரு கோயிலுக்குப் போற ஸ்பெஷல் பஸ்ஸுங்க ரோடு முழுக்க. ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமா ஆட்டு மந்தை குறுக்க வந்துது. செல்லப்பன் பிரேக் போட்டான். பின்னாடி வந்த பஸ்ஸுக்கு லைட்டும் தெரியலை, கையும் தெரியலை. வந்து மோதிடுச்சி. சாமி புண்ணியம், யாருக்கும் உசுருக்கு ஒன்னும் இல்லை. செல்லப்பனுக்கு நெத்தியில ஆறு தையல். காரோட பின்பக்கம் நசுங்கி, தாம்பூலத் தட்டு, பூ, பழம், பொடவை எல்லாம் ரோட்ல கெடந்துது. நிச்சயத்துக்குக் கெளம்புன வண்டி வழியில அடிபட்டா யாரு ஒத்துக்குவாங்க? சகுனம் சரியில்லைன்னு மாப்பிள்ளை வூட்ல நிறுத்திட்டாங்க. அந்தச் சம்பந்தம் அதோட போச்சு.

சனிக்கெழமை காலைல மொதலாளி பட்டறைக்கே வந்தாரு. பஜாரே பின்னாடி வந்துது. நான் கடை வாசல்ல நின்னுட்டு இருக்கேன்.

"டிக்கியைத் தொறந்து பாத்தோம். ஸ்க்ரூ பெயிண்ட் மேல நிக்குது. எரிஞ்சிதா இல்லையான்னு பாத்தியாய்யா நீ?"

"பாக்கலைங்க."

"பதினஞ்சி வருசமா பாத்தவன், என் வண்டிக்கு ஏன் பாக்கலை? யாராவது பாத்துச் சொன்னாங்களா?"

பச்சமுத்து தலையைத் தூக்கி ரோட்டைத் தாண்டி என்னைப் பாத்தான். ஒரே ஒரு பார்வை. நான் சொல்லியிருக்கணும். இத்தனை நீள வாயி, அப்ப எங்க போச்சு? எடம் மொதலாளியோடது, கடையைத் தூக்கச் சொல்லிட்டா எங்க போவேன்னு ஒரு பயம். அதைவிட, ஒரு பொண்ணு நிச்சயத்தைக் கெடுத்த பொம்பளைன்னு ஊரு சொல்லுமேன்னு பயம். கரண்டியைக் கெட்டியா புடிச்சிட்டு நின்னேன்.

"யாரும் சொல்லலைங்க. என் தப்பு"ன்னுட்டான் அவன்.

அவ்வளவுதான். மொதலாளி ஒரு கெட்ட வார்த்தை பேசலை. "பொண்டாட்டி போனதுலேர்ந்து உனக்கு வேலையில புத்தி இல்லைய்யா"ன்னு மட்டும் சொன்னாரு. அந்தப் பேச்சு அப்படியே புடிச்சிக்கிச்சி. பச்சமுத்துவுக்கு மூளை கலங்கிடுச்சி, காத்துகிட்ட பேசறான், அவன்கிட்ட வண்டி உடாதேன்னு. லாரிக்காரனுங்க திண்டிவனத்துல போய் வேலை பாத்துக்க ஆரம்பிச்சாங்க. புளியமரத்தடி காலியாயிடுச்சி. எட்டு மாசம். சைக்கிள் டைனமோவும் டார்ச் லைட்டும்தான் வரும், அதுவும் வாரத்துக்கு ஒன்னு.

திட்டியிருந்தான்னா நான் தேறியிருப்பேன். தினமும் காலைல வந்து எப்பவும் போல நாலு இட்லி சாப்புடுவான். தண்ணி குடிப்பான். "வர்றேன்கா"ம்பான். அந்த விசயத்தை ஒரு வார்த்தை பேசலை. நானா ரெண்டு தடவ, "பச்சமுத்து, அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "சட்னி கொஞ்சம் உடு"ன்னான். இன்னொன்னும் நடந்துது. எப்பவாவது தப்பித்தவறி ஒரு ஜீப்பு வரும், வேலை செய்வான். ஆனா எரியுதான்னு கேக்கறதை நிறுத்திட்டான். நேரா கண்ணாடியைத்தான் மாட்டுவான். அந்தக் கொரல் வராதான்னு நான் மாவு கரைக்கிற கையை நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கேன். வரவே இல்லை. முன்ன செத்துப் போனவளைக் கூப்புட்டுட்டு இருந்தான். அதையும் நான் கெடுத்துட்டேன்.

ஒரு சனிக்கெழமை காலைல சாப்புட்டுக் கை கழுவிட்டுச் சொன்னான். "யக்கா, திங்கக்கெழமையிலேர்ந்து எனக்கு இட்லி எடுத்து வைக்காத. பாண்டிச்சேரியில ஒரு குடோனுக்கு வாட்ச்மேன் வேலை. போறேன்."

"வாட்ச்மேனா? இந்தக் கையை வச்சிக்கிட்டா?"

தலையாட்டுனான்.

எனக்கு வந்துது பாருங்க ஒரு ஆத்திரம், அவன் மேல இல்லை. அடுப்பை அப்படியே உட்டுட்டு, ஈரக் கையோட பஜாருக்கு நடந்தேன். ஜவுளிக்கடையில நல்ல கூட்டம், முகூர்த்த நாளு வர்ற நேரம். பொடவை விரிச்ச பாய் மேலயே போய் நின்னேன். "மொதலாளி, அன்னைக்கு எரியுதுன்னு சொன்னது நான். பாக்காமயே சொன்னேன். அவன் கேட்டான், நான் சொன்னேன், அவன் நம்புனான். அவன் புத்தி நல்லாத்தான் இருக்குது. எடத்தைக் காலி பண்ணச் சொல்றதுன்னா சொல்லுங்க"ன்னு எல்லார் காதுலயும் வுழுறாப்புல சொன்னேன்.

அவரு கையில இருந்த பொடவையை மடிச்சி வச்சாரு. "எட்டு மாசம், ரத்தினம்மா. தெனம் அவனுக்கு இட்லி போட்டுட்டு நீ எப்படி சாப்புட்டே?"ன்னாரு. நான் திரும்பி வந்துட்டேன்.

மறுநாளு ஞாயித்துக்கெழமை. வெயில் ஏறுன நேரத்துக்கு, நசுங்குன பின்பக்கத்தை நிமித்தி வச்சிருந்த அந்தக் கறுப்புக் காரு புளியமரத்தடியில வந்து நின்னுது. மொதலாளியே கூட வந்து எறங்குனாரு. இன்னா பேசிக்கிட்டாங்கன்னு எனக்குக் கேக்கலை. கொஞ்ச நேரத்துல அவரு நடந்தே திரும்பிப் போனாரு, வண்டி அங்கயே நின்னுது. பச்சமுத்து பீடியை அணைச்சிட்டு வண்டியைச் சுத்தி ஒரு வாட்டி நடந்தான். எனக்கு அழுகை வந்துடுச்சி.

மத்தியானத்துக்கு மேல டிக்கியை மூடுற சத்தம் கேட்டுது. நான் கடையைப் போட்டது போட்டபடி ரோட்டைத் தாண்டிப் போனேன். அவன் கண்ணாடியை மாட்டிட்டு சீட்ல ஏறிக்கிட்டு இருந்தான். நான் வண்டிக்குப் பின்னாடி போய், குஞ்சம்மா உக்காந்த மாதிரியே குத்துக்கால் போட்டு உக்காந்து, முந்தானையை விரிச்சி லைட்டு மேல புடிச்சேன். அவன் கேக்கட்டும்னு காத்துட்டு இருந்தேன். கேக்கலை. டக்குனு ரெண்டு லைட்டும் செவப்பா எரிஞ்சிது. நான் எடதைப் பாத்தேன், வலதைப் பாத்தேன். மறுபடி ஒரு தடவ பாத்தேன்.

"எரியுது, பச்சமுத்து. ரெண்டும். பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"தெரியுதுக்கா. கண்ணாடியில பாத்துட்டேன்"னான். மரியாதையாதான் சொன்னான், கோவமே இல்லை.

இது நடந்து ரெண்டு வருசம் ஆவுது. பாண்டிச்சேரிக்கு அவன் போவலை. வண்டிங்க பழையபடி வருது, மரத்தடியில எடம் கெடைக்காம ரோட்டு ஓரம் வரைக்கும் நிக்குது. காலைல நாலு இட்லி. கண்ணாடியை இப்பல்லாம் கழட்டறதில்லை, ஆணியிலயே தொங்குது, மழை வந்தா மட்டும் சாக்கைப் போட்டு மூடுறான். அவன் சீட்ல ஏறி உக்காந்தா நான் மாவுக் கையோட வாசலுக்கு வந்து நின்னுடறேன், இங்கேர்ந்து ஓரளவுக்கு லைட்டு தெரியும். எரியுதா எரியலையான்னு நல்லா உத்துப் பாத்து வச்சிக்கறேன். என்னை யாரும் கேக்கறதில்லை.